தொலைவும் பொழுதும்

நுழையும்முன்

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் செல்ல எவ்வளவு நேரமாகும்? பயணச்சீட்டில் உள்ள நேரங்களைக் கழித்துப் பார்த்தால் போகும்போது ஆறரை மணி நேரம் என்றும், திரும்பும்போது ஒன்றே முக்கால் மணி நேரம் என்றும் விடை வரக்கூடும். இரண்டுமே தவறு. ஆனால், பயணச்சீட்டில் பிழை ஏதுமில்லை. ஒரு வான்பயணத்தின் நேரத்தைத் தொலைவு மட்டும் முடிவு செய்வதில்லை என்பதை விளக்குகிறது இப்பாடப்பகுதி.

திருவள்ளூர் மாவட்டத்தில், திருத்தணிக்கு அருகில் அமைந்த ஊர் திருவாலங்காடு. காரைக்கால் அம்மையாரின் வரலாற்றோடு இணைந்த தலம் அது. கூத்தபிரானின் ஐந்து சபைகளுள் ஒன்றாகிய இரத்தினசபை அமைந்த தலமும் அதுவே. 1905ஆம் ஆண்டில் இங்குக் கிடைத்த செப்பேடுகள் சோழர் வரலாற்றுக்குரிய தலைசிறந்த சான்றுகளுள் அடங்கும். ஒரே வளையத்தில் கோக்கப்பட்ட 31 ஏடுகள் அவை. முதலாம் இராசேந்திர சோழன் பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டுக் கோவிலுக்குக் கொடையாக அளித்த செய்தியை அவை கூறுகின்றன. அவற்றின் வடமொழிப் பகுதியில் மற்றொரு செய்தியும் உண்டு. சோழனின் படை கடல் கடந்து சென்று கடாரத்தை வென்றது என்பதே அது. 1025ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்த படையெடுப்பு அது. கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா மாநிலப் பகுதியாகும்.

கெடாவை அடுத்துள்ளது பினாங்குத் தீவு. சென்னைக்கும் பினாங்குக்கும் இடைப்பட்ட வான்தொலைவு ஏறத்தாழ 2,370 கிலோமீட்டர். 2024 டிசம்பரில் இவ்விரு நகரங்களுக்கும் இடையே நேரடி விமானப் போக்குவரத்து தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டில் சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சென்ற 'இரஜுலா' கப்பலில் பயணம் செய்தோர் ஏறத்தாழ ஒரு வாரம் கடலில் கழித்தனர். இன்று அதே கடலை விமானம் நான்கு மணி நேரத்தில் கடக்கிறது. கடல் சுருங்கிவிடவில்லை, தொலைவு அன்று போலவே இருக்கிறது. நேரமே மாறியிருக்கிறது.

உருண்டையின் மீது நேர்வழி

இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி எது என்று கேட்டால், நேர்க்கோடு என்பதே உடனடி விடை. தட்டையான தாளில் அது சரி. புவியோ உருண்டை. ஒரு புவிக்கோளத்தை எடுத்து, சென்னையில் நூலின் ஒரு முனையை வைத்து, மறுமுனையை இலண்டனில் வைத்து இறுக்கிப் பிடித்தால் நூல் தானாகவே மிகக் குறுகிய வழியில் படியும். அவ்வழியை நீட்டிக்கொண்டே சென்றால் அது புவியை இரு சம பாதிகளாகப் பிரிக்கும் ஒரு வட்டமாகும். அதனைப் பெருவட்டம் என்பர். விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தொலைவாகக் குறிக்கப்படுவது பெரும்பாலும் இப்பெருவட்டத் தொலைவே.

சுவரில் மாட்டும் உலகப்படத்தில் சென்னையையும் இலண்டனையும் அளவுகோலால் இணைத்தால், அக்கோடு வடக்கிலிருந்து மேற்காக ஏறத்தாழ 60 பாகை சாய்ந்து, அரபிக்கடலை நோக்கிச் செல்லும். புவிக்கோளத்தின் மீது படிந்த நூலோ 40 பாகை மட்டுமே சாய்ந்திருக்கும். அது தெலங்கானாவையும் குசராத்தையும் கடந்து, பாகிஸ்தான், ஈரான் வழியாகக் காஸ்பியன் கடலுக்குச் செல்லும். காஸ்பியன் கடலே அவ்வழியின் நடுப்பகுதி. நிலப்படத்துக் கோட்டின் வழியே பறந்தால் ஏறத்தாழ 8,480 கிலோமீட்டர். நூலின் வழியே பறந்தால் 8,235 கிலோமீட்டர். படத்தில் வளைந்து தோன்றும் வழியே உண்மையில் குறுகியது. நேராகத் தோன்றும் வழி சற்றேறக்குறைய 250 கிலோமீட்டர் நெடியது. உருண்டையைத் தட்டையாக விரிக்கும்போது துருவங்களை நோக்கிய பகுதிகள் இழுபட்டுப் பெருத்துவிடுவதால் நேரும் மயக்கம் இது.

சென்னை, சிங்கப்பூர் வழியில் இம்மயக்கம் இல்லை. இரண்டும் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், நிலப்படத்துக் கோட்டுக்கும் பெருவட்டத்துக்கும் உள்ள வேறுபாடு நான்கைந்து கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகத்தான் நிலப்படத்தை நம்புவது கடினமாகிறது.

தெரிந்து தெளிவோம்

கடலோடிகளும் விமானிகளும் தொலைவைக் கடல் மைலால் அளக்கின்றனர். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். இந்த எண் ஏன் இவ்வளவு விந்தையாக இருக்கிறது என்று தோன்றலாம். புவியின் மையத்தில் ஒரு பாகையை 60 கலைகளாகப் பிரித்தால், ஒரு கலைக்கு எதிராகப் புவிப்பரப்பில் அமையும் நீளமே ஒரு கடல் மைல். எனவே கோணம் தெரிந்தால் தொலைவு தெரிந்துவிடும். சென்னையும் சிங்கப்பூரும் புவி மையத்தில் உண்டாக்கும் கோணம் 26.3 பாகை. அதனை 60ஆல் பெருக்கினால் 1,578 கடல் மைல், அதனை 1.852ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2,920 கிலோமீட்டர்.

மூடிய வானம்

நூல் காட்டும் வழியிலேயே எல்லா விமானங்களும் பறக்க முடிவதில்லை. நிலத்தில் எல்லைகள் இருப்பதைப் போல வானிலும் எல்லைகள் உண்டு. ஒவ்வொரு நாட்டின் நிலத்துக்கும் கரையோரக் கடலுக்கும் மேலுள்ள வான்வெளி அந்நாட்டின் ஆளுகைக்கு உட்பட்டது. அந்நாடு இசைவு தந்தால்தான் பிறநாட்டு விமானம் நுழையலாம்.

சென்னையிலிருந்து இலண்டனுக்குச் செல்லும் பெருவட்ட வழி பாகிஸ்தானின் மீதும் உக்ரைனின் மீதும் செல்கிறது என்பது கருதத்தக்கது. 2019 பிப்ரவரி இறுதியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது. அவ்வாண்டு சூலைத் திங்களில்தான் முழுமையாகத் திறந்தது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மீண்டும் தடை விதித்தது. இந்தியாவும் பாகிஸ்தான் விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. உக்ரைனின் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. இத்தகைய காலங்களில் விமானங்கள் அரபிக்கடல் வழியாகவோ வேறு நாடுகளின் வழியாகவோ சுற்றிச் செல்கின்றன. தொலைவு கூடுகிறது, நேரம் கூடுகிறது, எரிபொருளும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

சுற்றிச் செல்வதை வீண்செலவு எனக் கருதுவோர் 2014 சூலை 17ஆம் நாளை நினைவிற்கொள்ள வேண்டும். ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குச் சென்ற மலேசிய விமானம் ஒன்று கிழக்கு உக்ரைனின் மேலே ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 298 பேரும் உயிரிழந்தனர். அன்று அவ்விமானம் பறந்த உயரத்தில் அவ்வழி மூடப்பட்டிருக்கவில்லை.

எதிர்க்காற்றும் பின்காற்றும்

பயணிகள் விமானம் பொதுவாக 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 850 முதல் 900 கிலோமீட்டர் விரைவில் பறக்கிறது. இந்த விரைவு, விமானத்தைச் சூழ்ந்துள்ள காற்றைச் சார்ந்து அளக்கப்படுவது. அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருந்தால் நிலத்தைச் சார்ந்த விரைவு மாறிவிடும். ஓடும் ஆற்றில் நீந்துபவனின் நிலை இதுவே. நீரோட்டத்தோடு நீந்தினால் கரை விரைந்து பின்செல்லும். எதிர்த்து நீந்தினால் கை ஓயும், கரை நகராது.

மித வெப்ப மண்டலங்களின் மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகக் குறுகிய ஆறுகள் போலக் கடுங்காற்று ஓடுகிறது. அதற்கு ஜெட் காற்றோட்டம் என்று பெயர். குளிர்காலத்தில் அதன் விரைவு மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். இந்தியாவிலிருந்து ஐரோப்பாவிற்குச் செல்லும் விமானம் இதனை எதிர்த்துச் செல்கிறது. திரும்பும் விமானத்தை இது பின்னிருந்து தள்ளுகிறது.

இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 8,235 கிலோமீட்டரை மணிக்கு 900 கிலோமீட்டர் விரைவில் கடக்க 9 மணி 9 நிமிடம் ஆகும். வழி நெடுகிலும் சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் எதிர்க்காற்று வீசினால் விரைவு 840ஆகக் குறைந்து, 9 மணி 48 நிமிடம் பிடிக்கும். அதே காற்று பின்காற்றானால் விரைவு 960ஆக உயர்ந்து, 8 மணி 35 நிமிடம் போதும். போகும்போது இழந்தது 39 நிமிடம். வரும்போது மீண்டது 34 நிமிடம் மட்டுமே. எஞ்சிய ஐந்து நிமிடம் எங்கே போயிற்று? எதிர்க்காற்றில் விமானம் நீண்ட நேரம் பறக்கிறது. பின்காற்றில் குறைந்த நேரமே பறக்கிறது. இடர் செய்யும் காற்றோடு கூடுதல் நேரமும் உதவும் காற்றோடு குறைந்த நேரமும் கழிவதால், கணக்கு ஒருபோதும் சமனாவதில்லை.

தமிழ்நாட்டு வானத்துக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், தென்னிந்தியாவின் மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் காற்றோட்டம் உருவாகிறது. இதனை 1950களில் கண்டறிந்து விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். அதன் மையம் 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில், ஏறத்தாழச் சென்னையின் அட்சக்கோட்டை ஒட்டியே அமைகிறது. விமானங்கள் அதற்குக் கீழே பறந்தாலும் கீழைக்காற்றின் தாக்கம் அவ்வுயரத்திலும் இருக்கும். அதே ஆடித் திங்களில் வங்கக்கடலின் பரப்பிலோ மேற்கிலிருந்து கிழக்காகவே காற்று வீசும். பாய்மரக் கப்பலைக் கடாரத்தை நோக்கித் தள்ளும் அதே பருவத்தில், அக்கடலின் மேலே பறக்கும் விமானம் எதிர்க்காற்றைச் சந்திக்கிறது. ஒரே கடல், ஒரே நாள், இரண்டு காற்று.

இரண்டு கடிகாரங்கள்

பயணச்சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சிடப்படுகிறது. உலகெங்கும் பின்பற்றப்படும் மரபு இது. பலர் இடறி விழும் இடமும் இதுவே.

புவி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. எனவே ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே தீர்க்கக்கோட்டு வேறுபாடு ஏறத்தாழ 23.8 பாகை. கதிரவனை மட்டுமே கணக்கில் கொண்டால் சிங்கப்பூர் சென்னையைவிட ஒரு மணி 35 நிமிடம் முந்தியிருக்க வேண்டும். ஆனால், கடிகாரங்கள் காட்டும் வேறுபாடு இரண்டரை மணி நேரம்.

இவ்வேறுபாட்டின் பின்னே வரலாறு இருக்கிறது. 1802இல் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் கோல்டிங்காம் சென்னையின் தீர்க்கக்கோட்டைக் கணித்து, கிரீன்விச் நேரத்தைவிடச் சென்னை நேரம் 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்தியது என வரையறுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியத் தொடர்வண்டிகள் பல இச்சென்னை நேரத்தைக் கொண்டே இயங்கின. பின்னர் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கக்கோடு இந்தியத் திட்ட நேரத்திற்கு அடிப்படையானது. சென்னைக் கடிகாரம் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னே தள்ளப்பட்டது. சிங்கப்பூரோ 1982 சனவரி 1 அன்று மலேசியாவோடு சேர்ந்து தன் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே தள்ளிக்கொண்டது. அதனால் அங்குக் கடிகாரம் கதிரவனைவிட ஒரு மணி நேரத்திற்கு மேல் முந்தி ஓடுகிறது. காலை ஏழு மணி அளவில்தான் பொழுது விடிகிறது. 1981இல் சிங்கப்பூர் சென்று வந்த ஒருவர் இரண்டு மணி நேர வேறுபாடு என்று சொன்னால் அவர் தவறாகச் சொல்லவில்லை. ஒரே வழியில், அதே தொலைவில், கடிகார வேறுபாடு மட்டும் ஓர் இரவில் மாறிவிட்டது.

இப்போது பயணச்சீட்டைப் பார்க்கலாம். எடுத்துக்காட்டாக, சென்னையில் இரவு 11.30க்குப் புறப்படும் விமானம் சிங்கப்பூரை மறுநாள் காலை 6.00 மணிக்கு அடைகிறது எனக் கொள்வோம். கடிகாரம் காட்டுவது ஆறரை மணி நேரம். இரண்டரையைக் கழித்தால் பயணநேரம் நான்கு மணி. திரும்பும் விமானம் சிங்கப்பூரில் இரவு 8.00 மணிக்குப் புறப்பட்டு, சென்னையை 9.45க்கு அடைகிறது. கடிகாரம் காட்டுவது ஒன்றே முக்கால் மணி நேரம். இரண்டரையைக் கூட்டினால் நான்கே கால் மணி. கிழக்கு நோக்கிச் செல்லும்போது கழிக்க வேண்டும். மேற்கு நோக்கி வரும்போது கூட்ட வேண்டும். இலண்டன் பயணத்தில் கூடுதல் கவனம் தேவை. குளிர்காலத்தில் இந்தியா ஐந்தரை மணி நேரம் முந்தியிருக்கும். கோடையில் பிரித்தானியர் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவதால் வேறுபாடு நான்கரை மணியாகக் குறையும்.

நேரத்தைவிட நாளில் ஏற்படும் பிழை பேரிழப்பைத் தரும். 15ஆம் நாள் 00.20 மணிக்கு விமானம் என்று சீட்டில் இருந்தால், 14ஆம் நாள் இரவு சாப்பாட்டை முடித்துக்கொண்டு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். '15ஆம் தேதி இரவு விமானம்' என்று எண்ணி மறுநாள் மாலையில் பெட்டியோடு வந்து நிற்பவருக்கு, அவருடைய விமானம் ஏறத்தாழ ஒருநாள் முன்னரே சென்றுவிட்டது என்ற விடைதான் கிடைக்கும். வேலைக்கு முதன்முறையாக வெளிநாடு செல்வோர் கடன் வாங்கி எடுத்த சீட்டை இவ்வாறு இழப்பதும் உண்டு.

வாசல் முதல் வாசல் வரை

2,920 கிலோமீட்டரை மணிக்கு 850 கிலோமீட்டர் விரைவில் கடக்க மூன்றரை மணி நேரம்கூட ஆகாது. பயணச்சீட்டிலோ நான்கு மணி நேரத்திற்குக் குறையாமல் இருக்கிறது. விமானப் பயணநேரம் என்பது வானில் பறக்கும் நேரம் மட்டுமன்று. நிறுத்துமிடத்தில் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கியது முதல், மறுமுனையில் மீண்டும் கட்டை வைக்கும் வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், முறைக்காகக் காத்திருத்தல், மெல்ல மேலேறுதல், இறங்குமுன் வட்டமிடுதல் ஆகியன அதில் அடங்கும். சிறு தாமதம் ஏற்பட்டாலும் குறித்த நேரத்தில் சேர்ந்துவிட வேண்டும் என்பதற்காக நிறுவனங்கள் சில நிமிடங்களைச் சேர்த்தே குறிப்பதும் வழக்கம்.

அதன் பின்னும் கணக்கு முடிவதில்லை. திருவாலங்காட்டிற்கு அருகில் உள்ள அரக்கோணத்தில் இந்தியக் கடற்படையின் 'இராஜாளி' விமானத்தளம் 1992 முதல் இயங்கிவருகிறது. ஆயினும் பயணிகள் மீனம்பாக்கத்திற்குத்தான் செல்ல வேண்டும். நேர்க்கோட்டில் ஏறத்தாழ 46 கிலோமீட்டர். ஊரிலிருந்து சில கிலோமீட்டர் சென்று தொடர்வண்டி ஏறி, சென்னை சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோவில் விமான நிலையத்தை அடைய மூன்று மணி நேரம் தேவைப்படலாம். பன்னாட்டுப் பயணத்திற்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே அங்கு இருக்க வேண்டும். 2,920 கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரம். முதல் 46 கிலோமீட்டருக்கும் காத்திருப்புக்கும் சேர்த்து ஆறு மணி நேரம். விமானம் எவ்வளவு விரைந்தாலும் தரையில் கழியும் இந்நேரத்தை அது குறைப்பதில்லை.

ஊரில் ஒரு நல்லது கெட்டது என்றால் இக்கணக்கின் அருமை விளங்கும். திருவாலங்காட்டில் ஒரு வீட்டில் விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரியவர் ஒருவர் காலமாகிறார். மூத்த மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். கொள்ளி வைக்க வேண்டியவர் அவர். 'சிங்கப்பூர்தானே, நாலு மணி நேரம். ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிடுவான்' என்கிறார் உறவினர் ஒருவர். வெயில் ஏறுமுன் எடுத்துவிட வேண்டும் என்கிறார் மற்றொருவர்.

செய்தி சேரும்போது சிங்கப்பூரில் மணி 7.30. சீட்டு எடுத்து, முதலாளியிடம் சொல்லிவிட்டு, விமான நிலையம் சென்று, அங்கு 11.30க்குப் புறப்படும் விமானத்தில் மகனுக்கு இடம் கிடைக்கிறது என்று கொள்வோம். அப்போது திருவாலங்காட்டில் மணி ஒன்பது. அவர் வந்து சேர்ந்திருப்பார் என்று உறவினர் எண்ணிய அந்த நேரத்தில்தான் விமானம் புறப்படுகிறது. நான்கே கால் மணி நேரம் கழித்து, பிற்பகல் 1.15க்கு மீனம்பாக்கத்தில் இறங்குகிறது. குடியேற்றச் சோதனையும் பெட்டியும் முடிந்து வெளியே வர ஒரு மணி நேரம். பூந்தமல்லி, திருவள்ளூர் வழியாக ஊர்வந்து சேர மேலும் இரண்டு மணி நேரம். தெருமுனையில் வண்டி வந்து நிற்கும்போது மணி 4.15.

வீட்டில் பத்தாம் வகுப்போ பதினொன்றாம் வகுப்போ படிக்கும் பேரன் ஒருவன் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துச் சொன்னால், பந்தலில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் எடுக்கும் நேரத்தை மாலை ஐந்து மணி என்று வைத்துக்கொள்வார்கள்.